பதின்மூன்றாவது ஓட்டம்

ஷிமோன்ஸ்கியின் கடையில், கண்ணாடி மேசைமேல்
இரண்டு லென்ஸ்கள்.
ஒன்று குட்டை. எழுபதிலிருந்து இருநூறு.
பழசு, மூக்கில் ஒரு கீறல்,
ஆனால் அரையிருட்டிலும் வாய் பிளந்து ஒளி குடிக்கும்.
மற்றது நூற்றைம்பதிலிருந்து அறுநூறு.
முழுக்க இழுத்தால் என் முழங்கையைத் தாண்டும்.
எங்கும் எட்டும்,
பொழுது சாய்ந்தால் தவிக்கும்.

"எதைப் படம் பிடிக்கிறாய்?"
ஸ்பீட்வே, என்றேன்.
லெஷ்னோவில் வேறு எதைப் பிடிப்பது?

அந்த பைக்குகளுக்கு பிரேக் கிடையாது.
ஒரே கியர். நாலு பேர், நாலு சுற்று, ஒரு நிமிஷம்.
வளைவு வந்ததும் இடதுகால் இரும்புச் செருப்பை மண்ணில் ஊன்றி
வாலைச் சுழற்றித் திரும்புவார்கள்;
ஈரக் கல்பொடி வேலியைத் தாண்டி
முன்வரிசைக்காரர்களின் பீர் கோப்பையில் விழும்.
ஷட்டரை ஆயிரத்தில் ஒரு பங்கு வைத்தால்
சக்கரக் கம்பிகளை எண்ணலாம்,
வண்டி மட்டும் விற்பனைக்கு நிறுத்தியதுபோல் இருக்கும்.
நூற்றிருபத்தைந்தில் வைத்து இடுப்பைத் திருப்பிக்கொண்டே அழுத்தவேண்டும்.
பத்தில் ஒன்பது குப்பை.
பத்தாவதுக்கு வார இதழ் நாற்பது ஸ்வோட்டி தரும்.

ரொட்டிக் கடை ரசீதின் பின்னால்
நீள லென்ஸின் விலையை நாற்பதால் வகுத்தேன்.
நூற்றெழுபது படம்.
மழை கெடுக்காவிட்டால் இரண்டரை சீசன்.

"ஞாயிறு ஓட்டத்துக்குக் கொண்டுபோய்ப் பார்,
வாங்காவிட்டால் வாடகை கொடு."
நீளத்தைத்தான் எடுத்தேன்.
ரயில் பாலத்தில் நின்று
தண்ணீர்க் கோபுரத்தின் துருப்பிடித்த ஆணிகளைப் பார்த்தேன்,
அடுத்த நடைமேடையில் ஒருத்தி
செருப்பைக் கழற்றிக் குதிகாலைத் தேய்ப்பதைப் பார்த்தேன்.
அவளுக்குத் தெரியாது. எனக்குக் கூச்சமாக இருந்தது,
கண்ணை எடுக்கவும் இல்லை.

செப்டம்பர். ஏழு மணிக்கு முதல் ஓட்டம்.
வானத்தில் கொஞ்சம் மிச்சமிருந்தது,
எதிர் வளைவு மடியில் வந்து உட்கார்ந்தது.
ஐந்தாவது ஓட்டத்தில் விளக்கு போட்டார்கள்.
எட்டாவதில் படமெல்லாம் ரவை.
தோள் மரத்துப்போனது.
எரிந்த விளக்கெண்ணெய் வாசம் தொண்டையில் நின்றது.

பதின்மூன்றாவதில் மஞ்சள் ஹெல்மெட், டோபியாஷ்.
பின்னால் வந்தவனின் முன்சக்கரம் உரசியது.
அறுநூறில் இருந்தேன்,
அதனால் பைக் தெரியவில்லை, வேலி தெரியவில்லை.
காற்றில் ஒரு கை மட்டும்,
கையுறை பாதி கழன்று.
விரல் பொத்தானில் இருந்தது.
அழுத்தவில்லை.

அன்றிரவு அதற்கு மரியாதை என்று பெயர் வைத்துக்கொண்டு தூங்கினேன்.

வியாழக்கிழமை ரொட்டிக் கடைக்கு வந்தான்.
கை தூளியில், முகத்தில் மஞ்சளாய் ஆறும் காயம்.
"கிரஜினா, அந்தப் படம் இருக்கா?
நாடா மேலே போனது ஞாபகம் இருக்கு,
அப்புறம் ஆம்புலன்ஸ் கூரை.
நடுவுல என்ன ஆச்சுன்னு நான் பாக்கணும்.
நீதானே அந்தப் பக்கம் நின்னே?"
வெளிச்சம் போதவில்லை, என்றேன்.
தலையாட்டினான். நம்பிவிட்டான்.
இரண்டு கசகசா ரொட்டி வாங்கி
இடது கையால் சில்லறையைத் தடவித் தடவி எண்ணினான்.
ஒரு ஸ்வோட்டி குறைந்தது. விட்டுவிட்டேன்.

சனிக்கிழமை ஷிமோன்ஸ்கி கேட்டார்:
"என்ன, பிடிக்கலையா?"
வெளிச்சம் போதவில்லை.
இரண்டாம் தடவை சொன்னபோது
அது உண்மைபோலவே வந்தது.
நல்ல காரணம்தான், என்றார்,
பாதிப் பேர் எட்டும் தூரத்துக்கு ஆசைப்பட்டு
இருட்டில் மாட்டிக்கொள்கிறார்கள்.
வாடகையைக் கழித்தார், நசுங்கிய மூடியைச் சும்மா தந்தார்.

குட்டையோடு வெளியே வந்தேன்.
ஒன்றரைக் கிலோ. நீளத்தைவிடக் கொஞ்சம்தான் குறைவு.
இதில் எதிர் வளைவு சிறிதாகத்தான் தெரியும்;
நான் உள்புல்லில் இடம் மாறி நிற்கவேண்டும்,
மண் என்மேலும் விழும்.
ஆனால் வெளிச்சம் போதும்.
கடைசி ஓட்டம்வரை போதும்.
அடுத்த முறை யார் கேட்டாலும்
சொல்ல எனக்கு எதுவும் இல்லை.

மூடி சரியாகப் பொருந்தவில்லை.
பேருந்தில் மடியிலிருந்து இரண்டு தடவை உருண்டு விழுந்தது.